இரண்டு தராசு, ஒரே கிராம்

எங்கள் அலுவலகத்துக்கு யாரும் வருவதில்லை. தூத்துக்குடியில் இயந்திரத் தீர்ப்பு ஆய்வுப் பிரிவு என்று ஒன்று இருப்பது பக்கத்து அறையில் உள்ள மீன்வளத் துறைக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. அவர்களைத் தேடி வருகிறவர்கள் வழி தவறி எங்களிடம் வருவார்கள். நாங்கள் கையைக் காட்டி அனுப்பிவிடுவோம். அன்று காலை பத்தரை மணிக்கு அந்தப் பெண் வந்து நின்றபோதும் நான் தலையைத் தூக்காமல் பக்கத்து அறையைத்தான் காட்டினேன்.

“மீன் ஆபீஸ் இல்ல சார். ஆளு செத்தாச்சுன்னு தீர்ப்பு சொல்லுத மிஷினுக்கு ஆபீஸ் இதுதானா?”

தலையைத் தூக்கினேன். முப்பத்தைந்து வயது இருக்கும். காலில் வெள்ளை ரப்பர் பூட்ஸ், தலையில் வலைத்தொப்பி. இறால் கம்பெனியிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். கையில் இரண்டு சீட்டுகள் இருந்தன. அவை என்ன சீட்டுகள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. பதின்மூன்று வருடமாக நான் சோறு தின்பதே அந்தச் சீட்டுகளால்தான்.

சட்டம் வந்து இருபது வருடமாகிறது. அதற்கு முன்னால் மூளைச்சாவு என்று அறிவிக்க டாக்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு வழக்கு, போராட்டம், கண்ணாடி உடைப்பு என்று ஆகி, அந்த வேலை இயந்திரத்திடம் போயிற்று. ஆனால் ஒரே ஓர் இயந்திரத்தின் வாயை நம்பி ஒரு மனிதனைப் புதைக்கச் சட்டம் சம்மதிக்கவில்லை. இரண்டு கணினிகள், ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்ளாமல், ஒரே முடிவுக்கு வர வேண்டும். முடிவு வேறுபட்டால் அந்த ஆள் உயிரோடு இருப்பதாகவே அர்த்தம். இரண்டின் சீட்டுகளையும் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த இயந்திரங்களை நிறுவும்போது ஆய்வு செய்து கையெழுத்துப் போடுவது எங்கள் வேலை. எங்கள் என்றால் பால்துரை ஆகிய நானும், என் சக ஆய்வாளர் தவமணியும். எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அவளுக்குப் பதினாறு வருடம்.

அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. பெயர் பிலோமினா. கணவன் லூர்துநேசன் அதே கம்பெனியின் குளிர்கிடங்கில் வேலை பார்ப்பவன். விடியற்காலையில் கிடங்குக்குள் போனவன்மேல் பெட்டிகள் சரிந்துவிட்டன. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்து இழுத்திருக்கிறார்கள். நின்றுபோன இதயத்தை ஆஸ்பத்திரியில் அழுத்தி மறுபடி ஓட வைத்தார்கள். மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். எட்டரை மணிக்குத் தீர்ப்புப் பெட்டி மூளைச்சாவு என்று சொல்லிவிட்டது.

“சாயந்தரம் நாலு மணிக்கு மூச்சுக் கொழாய எடுத்துருவோம்னு சொல்லுதாவ. எங்க வீட்டுக்காரவுக முன்னாலேயே எழுதி வச்சிருந்தாவ, கிட்னிய யாருக்காவது குடுத்துரணும்னு. எடுத்துட்டுப் போக மதுரையிலேருந்து வண்டி கெளம்பிட்டாம்” என்றாள் பிலோமினா. “நான் அழ வரல சார். இந்தச் சீட்டப் பாருங்க.”

வாங்கிப் பார்த்தேன். முதல் கணினி: மூளைச்சாவு உறுதி. இரண்டாம் கணினி: மூளைச்சாவு உறுதி. நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம் எல்லாம் வரிசையாக இருந்தன.

“ரெண்டும் ஒத்துப்போகுதும்மா” என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக.

“அதத்தான் சார் நானும் சொல்லுதேன். ஏன் ஒத்துப்போகுது?”

எனக்குப் புரியவில்லை. அவள் வெப்பம் அச்சான இடத்தில் விரலை வைத்தாள். ஒன்றில் 36.52. மற்றதில் 36.52.

“நான் பன்னெண்டு வருசமா எடை போடுத எடத்துல நிக்கேன். ஒரு கூடை இறால ரெண்டு தராசுல, ரெண்டு பேரு தனித்தனியா எடை போட்டுச் சீட்டு எழுதணும். எங்க சூப்பர்வைசரம்மா சீட்டுல மொதல்ல என்ன பாப்பாவ தெரியுமா? வித்தியாசம் இருக்கான்னு பாப்பாவ. அஞ்சு கிராம், பத்து கிராம் வித்தியாசம் இருந்தா நல்ல சீட்டு. ஒரே கிராம் இருந்துச்சுன்னா கூப்பிட்டு ஏசுவாவ. ரெண்டு தராசு ஒருநாளும் ஒரே கிராம் காட்டாது சார். காட்டுச்சுன்னா ரெண்டாவது ஆளு எடை போடல. பக்கத்து ஆளு சீட்டப் பாத்து எழுதிருக்கா.”

நான் தவமணியைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து சீட்டுகளை வாங்கினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டாள். நாடி ஒன்று. அழுத்தம் ஒன்று. வெப்பம் ஒன்று. புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம்கூட மாறவில்லை.

“அவுக கால் ஐஸ்கட்டி மாதிரி இருக்கு சார்” என்றாள் பிலோமினா. “நர்ஸம்மாகிட்ட சொன்னேன். செத்தவுக கால் அப்பிடித்தாம்மா இருக்கும்னு சொல்லிட்டாவ. அப்ப இந்த முப்பத்தாறு எங்க இருக்கு?”

“இது புது மாடல், அண்ணாச்சி” என்றாள் தவமணி என்னிடம். பிறகு பிலோமினாவிடம் திரும்பினாள். “முன்னால இருந்த பெட்டில ரெண்டு தனிக் கம்ப்யூட்டர் இருந்துச்சும்மா. டூயல் பிராசஸர்னு சொல்லுவோம். ரெண்டு வீடு மாதிரி வச்சுக்கோங்க. இவளுக்குத் தனி அடுப்பு, தனி தண்ணித் தொட்டி. அவளுக்கும் அப்படியே. ஏழு மாசத்துக்கு முன்னால வந்த இந்தப் பெட்டி டூயல் கோர். ஒரே சிப்புக்குள்ள ரெண்டு மூளை. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பொம்பளைங்க சமைக்குத மாதிரி. எட்டிப் போயி எதையும் எடுத்துட்டு வர வேண்டாம், அதனால வேலை வெரசா முடியும். கரண்டு கொறச்சல். சூடாகாது. சின்ன எடத்துல அடங்கிரும்.”

“யோசிக்கிறது தனித்தனியா?”

“யோசிக்கிறது தனித்தனியாத்தான்.”

“தண்ணித் தொட்டி?”

தவமணி மறுபடி சீட்டைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். “தொட்டி, அதாவது நினைவகம், ஒண்ணுதாம்மா. ஆனா அதுக்குள்ள வர்ற தகவல ரெண்டு தனி சென்சார் வச்சு எடுக்கணும். அது சட்டம். அத ரெண்டு பேர் தனித்தனியா ஆய்வு பண்ணித்தான் கையெழுத்துப் போடுவோம்.”

அலமாரியிலிருந்து அந்த ஆஸ்பத்திரியின் கோப்பை எடுத்தேன். பதினேழாம் கேள்வி: இரு மூளைகளுக்கும் தனித்தனி வெப்ப சென்சார் உள்ளதா? என் தாளில் ஆம் என்று குறியிட்டிருந்தது. தவமணியின் தாளிலும் ஆம்.

எங்கள் ஆய்வு எப்படி நடக்கும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாற்பது கேள்விகள். ஒவ்வொருவரும் தனியாக, மற்றவர் இல்லாத நேரத்தில், நாற்பதையும் பார்க்க வேண்டும் என்பது விதி. முதல் வருடம் அப்படித்தான் செய்தோம். இருபது இயந்திரங்களில் ஒரு கேள்வியில்கூட எங்கள் தாள்கள் வேறுபடவில்லை. அப்புறம் எதற்கு வீண் அலைச்சல் என்று தோன்றிவிட்டது. மின்சாரம், கம்பி, பலகைகள் எல்லாம் என் பக்கம். நோயாளியைத் தொடுகிறவை எல்லாம் அவள் பக்கம். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து, ஆளுக்கொரு டீயை வைத்துக்கொண்டு, தாளை மாற்றி மற்ற பாதியைப் பார்த்து எழுதிக்கொள்வோம். இருநூற்றுச் சொச்சம் இயந்திரங்களுக்கு இப்படித்தான் கையெழுத்துப் போட்டோம். இதைச் சோம்பேறித்தனம் என்று நாங்கள் நினைத்ததே இல்லை, நம்பிக்கை என்றுதான் நினைத்தோம். எனக்கு அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை, அவளுக்கு என்மேல்.

பதினேழாம் கேள்வியை நான் பார்க்கவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். சென்சார் நோயாளியின் உடம்பைத் தொடுவது, ஆகவே அது அவள் பாதி. தவமணி தவறிவிட்டாள். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தவறிவிட்டாள். கேட்டால் குற்றம் சாட்டியது போல ஆகிவிடும். கேட்கவில்லை. அவளும் கோப்பை எட்டிப் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

“பழைய பெட்டி ஸ்டோர்ல கெடக்குல்லா?” என்றாள்.

“கெடக்கு.”

“எடுங்க அண்ணாச்சி.”

பழைய மாடலை இரண்டு ஆள் தூக்க வேண்டும். இரண்டு இரும்புப் பெட்டிகள், ஒவ்வொன்றும் பெட்ரோல் கேன் அளவு. இரண்டுக்கும் தனித்தனி மின் இணைப்பு, தனி நினைவகம், தனிக் கம்பிகள். பிலோமினா எங்களைக் கேட்காமல் ஒன்றைத் தானே தூக்கி வேனில் வைத்தாள். வழியெல்லாம் உப்பு லாரிகள். எங்கள் டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே போனார். பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் முத்தரசிக்கு எங்களைக் கண்டதும் பிடிக்கவில்லை. “ரெண்டு மூளையும் சொல்லியாச்சு. மதுரையில ஒரு பேஷண்ட தியேட்டர்ல ரெடி பண்ணிட்டிருக்காங்க. அவங்களும் ஒரு உயிர்தான? இப்ப வந்து என்னை என்ன செய்யச் சொல்றீங்க?”

“ஒரு மணி நேரம் குடுங்க டாக்டர்” என்றேன். “இது கெட்ட மிஷின் இல்ல. கணக்குப் போட இதவிட நல்ல மிஷின் கெடையாது. சாட்சி சொல்லத்தான் லாயக்கில்லையோன்னு பயமா இருக்கு.”

லூர்துநேசன் வெதுவெதுப்பான காற்றடிக்கும் போர்வைக்குள் கிடந்தான். போர்வை ஓடவில்லை. உடல் வெப்பம் முப்பத்தாறரையைத் தொட்டதும் தானாக நின்றுவிடும்படி அதை இயந்திரத்தோடு இணைத்திருந்தார்கள். தவமணி போர்வையைத் தூக்கினாள். அக்குளில் ஒட்டியிருக்க வேண்டிய சென்சார் வியர்வையில்லாத அந்தக் குளிர்ந்த தோலில் பிடிப்பில்லாமல் கழன்று போர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அது அளந்தது போர்வையின் சூட்டை. தவமணி அதன் கம்பியைப் பிடித்து வேறு ஏதாவது கம்பி இருக்கிறதா என்று படுக்கையின் நாலு பக்கமும் தேடினாள். ஒரே கம்பிதான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

பழைய பெட்டிகளை எதிரெதிர்ச் சுவர்களில் செருகினோம். ஒன்றின் சென்சார் உணவுக்குழாய் வழியாக இறங்கியது, மற்றது மூத்திரப்பைக்குள். முதல் பெட்டி 27.9 காட்டியது. இரண்டாவது 28.2.

“வேற வேற காட்டுதுல்லா சார்?” என்றாள் பிலோமினா. அன்று முதல் தடவையாக அவள் முகம் தெளிந்தது.

இரண்டு பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சீட்டு அடித்தன. உடல் மிகவும் குளிர்ந்துள்ளது. தீர்ப்புக் கூற இயலாது. டாக்டர் முத்தரசி இரண்டையும் வாசித்தார். குளிர்ந்த மூளை செத்த மூளை மாதிரியே நடிக்கும். மருத்துவக் கல்லூரி இரண்டாம் வருடப் பாடம் அது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையை லூர்துநேசனின் வயிற்றில் வைத்தார். வைத்த கையை வெகு நேரம் எடுக்கவில்லை.

“காலையிலேருந்து நான் இவரத் தொடவே இல்ல” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு மதுரைக்குப் போன் போட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ அழும் சத்தம் எனக்கே கேட்டது.

ரத்தத்தைச் சூடாக்கி உள்ளே செலுத்தினார்கள். மறுநாள் முப்பத்தாறைத் தொட்டபோது ஒரு பெட்டி மூளைச்சாவு என்றது. மற்றது இல்லை என்றது. வேறுபட்டால் உயிர். அதற்கு மறுநாள் இரண்டுமே இல்லை என்றன. ஐந்தாம் நாள் லூர்துநேசன் கண்ணைத் திறந்து, மனைவியின் தலையில் இருந்த வலைத்தொப்பியைப் பார்த்து, வேலைக்குப் போகலையா என்று கேட்டானாம். இடது கை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. பிலோமினா அலுவலகத்துக்கு வந்து எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் செத்துப்போய்விடலாம் போல நின்றேன்.

ஏனென்றால் கதை அவனோடு முடியவில்லை. அந்த இயந்திரம் ஏழு மாதம் ஓடியிருக்கிறது. லூர்துநேசனுக்கு முன்னால் ஒன்பது பேருக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒன்பதிலும் இரண்டு மூளைகளும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போயிருக்கின்றன.

சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். மெஹருன்னிசா என்று பெயர். அதிகம் பேசாதவர். எங்கள் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார். செல்போனை வாங்கிக்கொண்டார். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள், ஒரே கேள்வி: பதினேழாம் கேள்வியை யார் பார்த்தது?

நான் யோசிக்கவே இல்லை. இதை முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். எனக்கு எட்டு மாதம், போனால் போகிறது. அவளுக்குப் பதினாறு வருடம், பிளஸ் டூ படிக்கிற மகள். என் அப்பன் சொத்தைக் கேட்டிருந்தாலும் அவளுக்குக் கொடுத்திருப்பேன். எழுதினேன்: “நான்தான் பார்த்தேன். சரியாகப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. தவமணி என் தாளைப் பார்த்து எழுதினார்.” கையெழுத்துப் போட்டபோது மனசு லேசாகிவிட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அரை மணி கழித்து இருவரையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் இரண்டு தாள்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தலைகீழாக இருந்தாலும் தவமணியின் கையெழுத்தை வாசிக்க எனக்குச் சிரமமில்லை. “நான்தான் பார்த்தேன். சரியாகப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. பால்துரை அண்ணாச்சி என் தாளைப் பார்த்து எழுதினார்.”

“வேற வேற ரூம்” என்றார் மெஹருன்னிசா. “போன் இல்ல. பேசிக்க வழியில்ல. ஆனா வார்த்தைகூட மாறல. அந்த இறால் கம்பெனி அம்மா சொன்னது ஃபைல்ல இருக்கு. படிச்சேன்.”

எங்களுக்கு ஆளுக்கொரு தாளை மறுபடி நீட்டினார். “மிஷினோட பின்பக்கத்த வரைங்க. சென்சார் செருகுற எடத்த மட்டும். ஒருத்தர் பக்கம் ஒருத்தர் திரும்பக் கூடாது.”

அதை வரையத் தெரியாதா எனக்கு? முதுகைக் காட்டி உட்கார்ந்து வரைந்தேன். மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. தவமணியும் வரைந்து கொடுத்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. பழைய மாடலில் அப்படித்தான் இருக்கும்.

அதிகாரி ஒரு புகைப்படத்தை எடுத்து இரண்டு படங்களுக்கும் நடுவில் வைத்தார். புது மாடலின் பின்பக்கம். ஒரே ஒரு துளை.

தவமணிதான் முதலில் வாயைத் திறந்தாள். “சென்சார் துளை பின்பக்கம் இருக்குல்லா… பின்பக்கம் உங்க பாதி அண்ணாச்சி. நீங்க பாத்துருப்பியன்னு…”

“உடம்பத் தொடுறது ஒன் பாதி” என்றேன். “நீ பாத்திருப்பேன்னு நான்…”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தவறாகப் பார்த்தது அவள் என்று நான் மன்னித்திருந்தேன். நான் என்று அவள் மன்னித்திருந்தாள். மன்னிக்க அங்கே ஆளே இல்லை. யாரும் பார்க்காத ஒன்றுக்கு இரண்டு பேர் ஆம் என்று குறியிட்டிருக்கிறோம். அதை நம்பி இயந்திரம் ஓடியது, அதை நம்பி டாக்டர் தொட்டுப் பார்க்காமல் இருந்துவிட்டார்.

“உங்கள வேற வேற ஊருக்கு மாத்துறது இருக்கட்டும்” என்றார் மெஹருன்னிசா. “அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு.” ஒன்பது பெயர்களும் விலாசமும் கொண்ட பட்டியலை ஆளுக்கொன்று கொடுத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் இருவரும் போக வேண்டும். சேர்ந்து போகக் கூடாது. நடந்ததைச் சொல்லி, கடைசி நாளில் அந்த ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டு, இயந்திரம் சொன்ன தீர்ப்பு சரியா என்று தனித்தனியே எழுத வேண்டும்.

முதல் வீடு திரேஸ்புரத்தில். நான் காலையில் போனேன், தவமணிக்கு மதியம். இருபத்து நான்கு வயதுப் பையன், கடலில் விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது மார்கழி மாதம், அவன் உடம்பும் குளிர்ந்திருக்கலாம். நான் சொன்னதையெல்லாம் அவன் அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். “அப்ப எம் மவன் உசுரோட இருந்தானா சார்?”

தாளில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. வெளியே வந்து, வலை உலர்த்தியிருந்த இடத்தில் வெயிலில் நின்றபடி இரண்டையும் விட்டுவிட்டுக் கீழே எழுதினேன்: தெரியவில்லை. பேனாவை மூடும்போது, இதைப் பற்றித் தவமணியிடம் ஒரு வார்த்தை கேட்டால் தேவலை என்று கை தானாகச் செல்போனுக்குப் போனது. எடுக்கவில்லை.

ஒன்பது வீட்டுக்கும் போய் வந்தாயிற்று. என் தாள்களை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டேன். அவளும் கொடுத்திருப்பாள். அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது.